காப்பகப்படுத்துதல்

காப்பு, அகம் என்னும் இரு சொற்கள் சேர்ந்தமைந்த காப்பகம் என்பது, கிரேக்க நகராதிகாரிகளின் இல்லத்தைக் குறித்து, பின்னர் அங்கே பாதுகாக்கப்பட்ட பத்திரங்களுக்கும் ஆகிவந்த ‘ஆர்க்கெயோன்’ என்ற பழம்பதத்தின் வழித்தோன்றலான ‘ஆர்க்கைவ்’ என்பதற்கு ஈடாக இன்று வழங்குகிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் வழக்கில் காட்டப்பட்ட ஓலையிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை ஒப்புநோக்குவதற்காகக் காப்பிலிருந்து வேறோர் ஓலையை வருவித்ததாகப் பெரியபுராணம் கூறுமிடத்தில், இச்சொல்லின் உயிர்நாடியான பிரயோஜனம் விளங்கும். வேண்டியபோது எடுக்கவியலாததைக் காப்பு என்று எங்ஙனம் சொல்வது? மின்னஞ்சலிலும் இதுவே நியதி: ஜிமெயிலில் காப்பகப்படுத்திய அலுவலகக் கடிதம் அழிவதில்லை. இன்பாக்ஸ் என்ற அடையாளம் மாத்திரம் நீங்கி, அனுப்பினவர் பெயரையோ விஷயத்திலுள்ள ஒரு பதத்தையோ இட்டுத் தேடினால் அகப்படுவதோடு, எவரேனும் மறுமொழி எழுதினால் தானாகவே முகப்புக்குத் திரும்பியும் வரும். ஆகையால், பதில் எழுதி முடித்தவற்றைத் தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தால் இன்பாக்ஸிலேயே குவித்துவைத்திருப்பது அநாவசியம். ஆனால் சேமிப்பிடம் இதனால் மிச்சமாகாது.