ஸ்மார்ட்கேன்

ஸ்மார்ட்கேன், பார்வையற்றோரின் வெள்ளைக் கைத்தடியில் பொருத்திக்கொள்ளும் மின்னணுக் கைப்பிடி. முழங்கால் முதல் தலை உயரம் வரை எதிரே உள்ள தடைகளை மீயொலியால் கண்டறிந்து அதிர்வால் உணர்த்துகிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிகாட்டுதலில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய இது, 2014இல் பயன்பாட்டுக்கு வந்தது.

சாதாரணக் கைத்தடி படி, பள்ளம், கல் என்று தரையில் உள்ளவற்றைத் தட்டி அறியும். தரைக்கு மேலே உயரத்தில் இருப்பது அதற்கு அகப்படாது. நம் தெருக்களிலோ நிறுத்திவைத்த லாரியின் பின்பக்கம், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த மரக்கிளை, கடை வாசலில் நீட்டிய தகரம் என எல்லாமே மார்புக்கும் முகத்துக்கும் நேராக நிற்பவை. லாரிக்கு அடியில் கைத்தடி தடையில்லாமல் நுழைந்துவிடும்; முட்டுவது நெற்றிதான். இப்படி அடிபட்ட பலர் தனியே வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

கைப்பிடியிலிருந்து கிளம்பும் மீயொலி, பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. 3 மீட்டர் தொலைவில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. தடை நெருங்க நெருங்க அதிர்வின் தன்மை மாறும். வீட்டுக்குள்ளும் நெரிசலிலும் குறுகிய தொலைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எச்சரிக்கைக்கு ஒலியைத் தேர்ந்தெடுக்காதது நல்ல முடிவு: சாலையில் பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது காதுதான், அதை வேறு ஒலியால் அடைக்கக் கூடாது.

பிரிட்டனின் அல்ட்ராகேன் போன்ற மீயொலிக் கைத்தடிகள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் விலை பல பத்தாயிரம் ரூபாய். ஸ்மார்ட்கேன் சுமார் 3,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தியப் பயனாளருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பது வடிவமைப்பின்போதே வகுத்த நிபந்தனை. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் நிதியளித்தது. டெல்லியின் சக்ஷம் அமைப்பு பயனாளர்களிடம் சோதித்துப் பார்க்கவும் கொண்டு சேர்க்கவும் உதவியது. உற்பத்தியை ஏற்றது, பச்சிளங்குழந்தைகளுக்கான இன்குபேட்டர் செய்யும் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

பள்ளத்தையும் திறந்த சாக்கடையையும் இக்கருவி காட்டாது. அவற்றை அறியத் தரையைத் தட்டும் தடியே வேண்டும்; ஆகவே இது கைத்தடிக்கு மாற்று அல்ல, துணை. அதிர்வைப் பொருள் புரிந்து உணரவும் பயிற்சி தேவை. முகாம்களில் கருவி வழங்குவோர், நடமாட்டப் பயிற்சியையும் சேர்த்தே வழங்க வேண்டும்.