கைப்பக்குவமும் அளவுக் கோப்பையும்

வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வழங்கிய ஓர் அறிவு ஏட்டறிவாக மாறுமிடத்து, அதற்குப் பொதுவான அளவை இன்றியமையாததாகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லச் சமையலில் அளவுக் கோப்பை பெற்ற இடம் இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமையற் குறிப்புகள் பலவற்றில் முட்டையளவு வெண்ணெய், ஒரு தேநீர்க் கோப்பை மா என்றவாறே அளவுகள் அமைந்தன. கோப்பைகளோ வீட்டுக்கு வீடு வேறுபட்டன. தாயின் அருகிருந்து பழகியவளுக்கே இக்குறிப்புகள் முழுமையாகப் பயன்பட்டன.

இந்நிலைக்கு இடர் விளைத்தவற்றுள் ஒன்று, அந்நூற்றாண்டில் அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் வீடுகளிற் பரவியமையாகும். அப்பச்சோடா புளிப்புப் பொருளுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிடுவதாலேயே மாக்கலவை பொங்குகின்றது. சோடா மிகின் கேக்கிற் சவர்க்காரச் சுவை தட்டும். குறையின் கேக் எழாது. கறியின் உப்பை இடையிற் சுவைத்துத் திருத்தலாம். அடுப்பினுள் வைத்த கேக்கை அவ்வாறு திருத்தவியலாது.

பொஸ்ரன் சமையற் பாடசாலை 1879 இல் தொடங்கப்பட்டது. அங்கு கற்பித்த மேரி லிங்கன் 1884 இல் வெளியிட்ட நூலிலேயே அளவைகள் வகுத்துரைக்கப்பட்டன. ஆயினும் கரண்டியைக் குவித்து அளக்கும் வழக்கம் நீங்கவில்லை. அதனை நீக்க முனைந்தவர் அப்பாடசாலையிற் பயின்று பின்னர் அதன் அதிபரான ஃபனி ஃபாமர் (1857-1915) ஆவார். இளமையில் நோயினால் உடல் முடங்கிக் கல்வியை இடைநிறுத்த நேர்ந்தவர் அவர். 1896 இல் அவரது நூலை அச்சிட்ட வெளியீட்டாளர் அதன் விற்பனையில் நம்பிக்கை கொள்ளாமையால், முதற்பதிப்பின் 3,000 பிரதிகளுக்கும் அவரே செலவிட நேர்ந்தது.

ஃபாமர் வகுத்த முறை எளியது. கோப்பை அரைப் பைந்து கொள்வது. மாவை அரித்து, கரண்டியால் எடுத்துக் கோப்பையில் இட்டு, குலுக்காது, கத்தியால் தலைதட்டி அளத்தல் வேண்டும். இவ்வாறு அளந்த நான்கு கோப்பை மா ஓர் இறாத்தல் என்பது அவர் கணக்கு. தராசில்லாத வீட்டிலும் இது கைகூடியது.

எனினும் கோப்பை பிழையற்ற கருவியன்று. மாவை அழுத்தி நிரப்பினால் அதே கோப்பை கூடுதலான மாவைக் கொள்ளும். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியக் கோப்பை 250 மில்லிலீற்றர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நிறுத்தளக்கும் முறையே நிலைத்தது. துல்லியம் கருதின் தராசே மேம்பட்டது.

ஆகவே, கோப்பையின் வரலாற்றுச் சிறப்பை வேறிடத்திற் காணல் வேண்டும். எழுதுபவளும் சமைப்பவளும் ஒரே அளவை ஏற்றுக்கொண்டதனால், முன்பின் அறியாத ஒருத்தியின் அனுபவம் மற்றொருத்திக்குப் பயன்பட்டது. தாய்வீட்டைப் பிரிந்து வந்தவளும் நூலைத் துணைக்கொண்டு சமைக்கலாயினாள். இதனாற் கைப்பக்குவம் தேவையற்றதாகிவிடவில்லை. மாவின் ஈரத்தையும் அடுப்பின் வெம்மையையும் அறிந்து நடத்தல் இன்றும் சமைப்பவரின் பொறுப்பே. ஆனால், பெண்களின் அடுக்களை அறிவு எழுதவும் கற்பிக்கவும் சோதித்துப் பார்க்கவும் தக்கதென்பதைத் தலைதட்டிய அக்கோப்பை நிலைநாட்டியது.