எந்த ஆண்டின் இஞ்சின்? மாதிரி நீராவி இஞ்சின்களும் வரலாற்றுத் துல்லியமும்

பிரிட்டனில் இன்று வெளியாகும் மாதிரி நீராவி இஞ்சின்கள் அளவில் வியக்கத்தக்க நேர்த்தி உடையவை. அருங்காட்சியகத்தில் நிற்கும் இஞ்சினை லேசர் கருவியால் வருடி, அந்தப் பதிவிலிருந்து அச்சு வெட்டி, தறையாணிகள் வரை பிசகாமல் வார்த்துவிடும் வசதி வந்துவிட்டது. இவ்வளவு நேர்த்தி இருந்தும் வரலாற்றுப் பிழை ஒழியவில்லை. சில இடங்களில் அந்த நேர்த்தியே பிழைக்கு வழி செய்கிறது. காரணம் எளிது. நீராவி இஞ்சின் என்பது ஒரே வடிவில் நிலைத்து நின்ற பொருள் அன்று. ஒவ்வொரு பெரும் பழுதுபார்ப்பிலும் அதன் கொதிகலன் மாறலாம், நிலக்கரியும் நீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் மாறலாம், எண்ணும் நிறமும் மாறலாம். ஆகவே ‘இந்த மாதிரி இந்த இஞ்சினைப் போல இருக்கிறதா?’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்தக் காலத்து நிலையில் இருந்த இஞ்சினைப் போல என்று சேர்த்துக் கேட்காதவரை அதற்கு விடை கிடையாது. மாதிரியைத் தயாரிப்பவர், தாம் காட்டும் காலத்தையும் அதற்கு ஆதாரம் எது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலகில் மிகுதியாக மாதிரி செய்யப்பட்ட இஞ்சின்களில் ஒன்றான ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ இதற்குச் சரியான சோதனைக் களம். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த A1 வகையைச் சேர்ந்த அந்த இஞ்சின் 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்தபோது அதன் எண் 1472. அப்போது அதற்குப் பெயரே கிடையாது. 1924-இல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் வைக்கத் தேர்ந்தெடுத்தபோதுதான் 4472 என்ற எண்ணும் பெயர்ப்பலகையும் வந்தன. 1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை, ஏறத்தாழ 392 மைலை இடையில் எங்கும் நிற்காமல் கடந்தது. வழியில் ஓட்டுநர் குழுவை மாற்ற வேண்டும் என்பதற்காக, டெண்டருக்குள்ளேயே 18 அங்குல அகலமும் 5 அடி உயரமும் கொண்ட ஒரு நடைவழி அமைத்தார்கள். ஓர் ஆள் குனிந்து, உடலை ஒடுக்கிக்கொண்டுதான் அதில் போக முடியும். 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டபோதும் அது சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு அழுத்தம் கொண்ட பழைய A1 கொதிகலனோடுதான் ஓடியது. 220 பவுண்டு கொதிகலன் பொருத்தி A3 வகையாக மாற்றியது 1947 ஜனவரியில். அதற்கு முன்பே, 1946-இல், எண் முதலில் 502 ஆகவும் பிறகு 103 ஆகவும் மாறிவிட்டது. ரயில்வே நாட்டுடைமையான 1948-க்குப் பின் 60103. 1959-இன் தொடக்கத்தில் இரட்டைப் புகைபோக்கி, 1961 இறுதியில் புகைப்பெட்டியின் இருபுறமும் புகை விலக்கும் தகடுகள், 1963 ஜனவரியில் பணி ஓய்வு.

சிக்கல் ஓய்வுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இஞ்சினை விலைக்கு வாங்கிய ஆலன் பெக்லர், புகை விலக்கும் தகடுகளையும் இரட்டைப் புகைபோக்கியையும் நீக்கி, ஆப்பிள் பச்சை பூசி, 4472 என்ற எண்ணை மீட்டு, நடைவழி டெண்டரையும் மறுபடி இணைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அது 1934-இன் சாதனை இஞ்சின். ஆனால் உள்ளே இருந்தது A3 கொதிகலன். அதை வெளியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் மிகச் சிறியது: புகைப்பெட்டியின் மேற்புறத்தில் இரு பக்கமும் உள்ள நீள்சதுர மூடித் தகடுகள். நீராவியை மேலும் சூடேற்றும் பெரிய குழாய்த் தொகுதியின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அவற்றை மூட வைத்தவை அவை. மாதிரியில் அது சில மில்லிமீட்டர் சமாச்சாரம். அந்தத் தகடுகளோடு 4472 என்ற எண்ணும் ஆப்பிள் பச்சையும் சேர்ந்த கோலத்தில் அந்த இஞ்சின் தன் பணிக்காலத்தில் ஒரு நாள்கூட ஓடியதில்லை. 1999-இல் இன்னும் ஒரு படி போய், அதே எண்ணையும் நிறத்தையும் இரட்டைப் புகைபோக்கியோடு சேர்த்தார்கள். 2016-இல் மீண்டும் 60103 என்ற எண்ணோடும் வேறொரு பச்சை நிறத்தோடும் வெளிவந்தது. எனவே பாதுகாக்கப்பட்ட இஞ்சினை வருடி எடுத்து ‘1930களின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்று விற்றால், அளவு முழுக்கச் சரியாகவும் கூற்று முழுக்கத் தவறாகவும் இருக்கும்.

பிரிட்டனில் மாதிரிப் பெட்டிகளின் மேல் அச்சிடும் ‘காலகட்ட’ எண் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக மறைத்துவிடுகிறது. அந்த வகைப்பாட்டில் மூன்றாம் காலகட்டம் 1923 முதல் 1947 வரை. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் பெயரற்ற 1472, கண்காட்சிக் கால 4472, நடைவழி டெண்டர் பூண்ட 4472, போருக்குப் பிந்தைய 502, 103, இறுதியில் A3 ஆக மாறிய நிலை அனைத்தும் இந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. ரயில்பெட்டிகளையும் இஞ்சினையும் தோராயமாகப் பொருத்தி வைக்க விரும்புபவருக்கு இந்த எண் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இடமே இல்லை.

முழுமையாக எஞ்சிய இஞ்சினைவிடச் சிதைந்து எஞ்சிய இஞ்சினே மாதிரி செய்பவரை வரலாற்றாசிரியராக்குகிறது என்பது என் கருத்து. 1829 அக்டோபரில் ரெயின்ஹில் இஞ்சின் போட்டியில் வென்ற ஸ்டீவன்சன்களின் ‘ராக்கெட்’டை எடுத்துக்கொள்வோம். போட்டியின்போது அதன் உருளைகள் ஏறத்தாழ 38 பாகை சாய்வில் இருந்தன. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவற்றைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகத் தாழ்த்தி, முன்னால் புகைப்பெட்டியும் சேர்த்தார்கள். 1862-இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிந்தைய வடிவின் எலும்புக்கூடு. மஞ்சள் வண்ணமும் உயர்ந்த வெள்ளைப் புகைபோக்கியுமாக நாம் அறிந்த ராக்கெட் அதில் இல்லை. ஆகவே 2020-இல் ஹார்ன்பி நிறுவனம் வெளியிட்டது போன்ற ஒரு மாதிரியைச் செய்ய எண்ணுபவர் கண்முன் நிற்கும் பொருளை அப்படியே நகலெடுக்க முடியாது. எது பிந்தைய சேர்க்கை, எது முதல் உறுப்பு என்று பிரித்தாக வேண்டும். மைக்கேல் பெய்லியும் ஜான் கிளிதெரோவும் 1999-இல் ராக்கெட்டின் எஞ்சிய உறுப்புகளைத் தொல்லியல் முறையில் ஆராய்ந்து, பின்னர் வெளியிட்ட முடிவுகள் அந்தப் பிரிப்புக்கு உறுதியான அடித்தளம் தந்தன.

1838-இல் லீட்ஸ் நகரில் உருவான ‘லயன்’ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. லிவர்பூல் துறைமுகத்தில் பல பத்தாண்டுகள் நீர் இறைக்கும் இஞ்சினாக உழைத்த அதை, லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேயின் 1930 நூற்றாண்டு விழாவுக்காகச் சீரமைத்து, இல்லாமல் போயிருந்த டெண்டருக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்தார்கள். 1953-இல் வெளியான ‘டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்’ திரைப்படம் வழியாக உலகம் அறிந்தது இந்த 1930 வடிவத்தைத்தான். இன்றைய லயனைப் பார்த்துச் செய்யும் மாதிரியை 1838-இன் இஞ்சின் என்று சொல்வது, அந்தச் சீரமைப்பாளர்களின் ஊகத்தை மூல வடிவம் என்று அறிவிப்பதாகும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, இவை பொழுதுபோக்குப் பொருள்கள்தானே, புதிய அச்சுக்குப் பெருஞ்செலவாகும்போது ஒவ்வொரு நிலைக்கும் தனி அச்சு எப்படிச் செய்வது என்பது. தனி அச்சு செய்யுமாறு யாரும் கேட்கவில்லை. ஒரே அச்சிலிருந்து எந்த நிலை சரியாக வருமோ அதை மட்டும் அந்தப் பெயரில் விற்கலாம். மற்றதில் எது பொருந்தவில்லை என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். மேலும், பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவிப் போக்குவரத்து 1968 ஆகஸ்டில் முடிந்துபோயிற்று. அதை அன்றாடம் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த தலைமுறைக்கு இஞ்சினின் உருவத்தைக் கையில் கொடுப்பது இந்த மாதிரிகள்தாம் என்பதால், விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிட முடியவில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. பிரிட்டனின் OO அளவீட்டில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் 4 அடி 8½ அங்குலத் தண்டவாள அகலம் 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். இருப்பதோ 16.5. இஞ்சினின் கால்களே குறுகிக் கிடக்கும்போது புகைப்பெட்டித் தகட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். அகலக் குறைவு எல்லோரும் அறிந்தது, எல்லா மாதிரிக்கும் ஒன்றேபோல் பொருந்துவது. அதனால் யாரும் ஏமாறுவதில்லை. ஒப்புக்கொண்ட சமரசம் வேறு, சொல்லாமல் விட்ட கலப்பு வேறு. குறிப்பிட்ட எந்த ரயில்வேக்கும் உரியவை அல்ல, பொதுவானவை என்று அறிவித்தே ஹாட்டன்ஸ் நிறுவனம் ‘ஜெனிசிஸ்’ என்ற பழங்காலப் பயணிப் பெட்டி மாதிரிகளை விற்றது. அந்தப் பெட்டிகள் எந்த மூலத்தின் நகலும் அல்ல. என் மதிப்பீட்டில், தேதி சொல்லாத துல்லிய மாதிரிகளைவிட அவை நேர்மையானவை.

மூன்றாவது மறுப்பு: பாதுகாக்கப்பட்ட இஞ்சினுக்கும் வரலாறு உண்டு, 1968-இன் 4472-உம் உண்மைதான். இதை முழுமையாக ஏற்கிறேன். ‘1968’ என்று பெட்டியில் எழுதினால் அந்த மாதிரியில் பிழையே இல்லை. குற்றம் இஞ்சினிலும் இல்லை, வார்ப்பிலும் இல்லை, தேதியில் இருக்கிறது.

சான்று எங்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. பணிமனை வரைபடம் செய்ய எண்ணியதைக் காட்டும், செய்து முடித்ததைக் காட்டுமென்று உறுதி இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பல, சிவப்பொளியை உணராத தகடுகளில் எடுத்தவை. அவற்றில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகப் பதியும். நிறத்தின் சாயலை அவற்றைக் கொண்டு தீர்மானிப்பது ஆபத்து. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் எந்தெந்த ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு பாடத்தை முடிவு செய்தார்கள் என்று முன்னுரையில் சொல்லி, ஐயமுள்ள இடங்களை அடிக்குறிப்பில் காட்டினார்கள். உ. வே. சாமிநாதையர் பதிப்புகள் மீது நமக்குள்ள நம்பிக்கை அந்த வெளிப்படைத்தன்மையால் வளர்ந்தது. மாதிரி இஞ்சினோடு வரும் சிறு தாளிலும் அதே முறையைப் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை.

இதைத் தொடங்கி வைக்க வேண்டியவை அருங்காட்சியகங்கள். தம் சேகரிப்பில் உள்ள இஞ்சினை அளக்கவும் தம் பெயரைப் பெட்டியில் போடவும் தயாரிப்பாளருக்கு அனுமதி தரும்போது, மாதிரி எந்த ஆண்டின் நிலையைக் காட்டுகிறது, எந்த உறுப்பு பிற்காலத்தது, நிறத்துக்கு ஆதாரம் என்ன என்பவற்றை அச்சிட்டே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். கிடைக்கக்கூடிய தகவல்கள் பெரும்பாலும் அவற்றின் கோப்புகளிலேயே இருக்கும்.