தாளப் பொறியும் மனிதக் கையும்

கண்டி மாநகரின் தலதா மாளிகையில் வைகறை, நண்பகல், அந்தி என நாள்தோறும் மூன்று வேளை வழிபாடு நடைபெறும். ஒவ்வொரு வேளையும் வாத்திய முழக்கத்தோடுதான் தொடங்கும். தவுலை ஒருவர் ஒருபுறம் கோலாலும் மறுபுறம் கையாலும் முழக்குவார். தம்மெட்டம என்னும் இரட்டைச் சிறுபறையை மற்றொருவர் இரு கோல்களால் ஒலிப்பார். ஹொரணை என்னும் ஊதுகருவி பண்ணை எடுத்துச் செல்லும். நாதசுர மேளத்தில் பழகிய தமிழர் செவிக்கு இவ்வொலி அயலானதன்று. முழக்கும் கடமைக்கு ஈடாக நிலம் பெற்று, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த குடும்பங்கள் கண்டி நாட்டில் உண்டு. அவர்களிடையே காலத்தை அளந்து தரும் கருவி எதுவும் இல்லை. ஒருவர் கையை மற்றவர் செவி பின்பற்றுகின்றது. அதுவே அவர்தம் கடிகாரம்.

இதற்கு மாறான காட்சியும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில், பூசை வேளையில் ஒருவர் பொத்தானை அமுக்க, மின்விசையால் முரசும் மணியும் தாமே ஒலிக்கின்றன. அடி தவறுவதில்லை, ஆனால் அடிப்பவரும் இல்லை. பொறி வந்தால் கலைஞன் போகத்தான் வேண்டுமா? இவ்வினா கோயில் வாயிலோடு நின்றுவிடவில்லை. 1982ஆம் ஆண்டில் பிரித்தானிய இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளையும் தாளப் பொறிகளையும் தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அது பிழைப்பைப் பற்றிய அச்சம். எளிதில் நகைத்து ஒதுக்கத் தக்கதன்று.

அதே 1982ஆம் ஆண்டில் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் இவ்வினாவிற்கு வேறொரு விடை தந்தார். அவர் திரைப்பட இசைக் குழுக்களில் கித்தார் வாசித்து வாழ்ந்தவர். கீழ்ச்சுருதிக் கித்தாரிலும் வல்லவர். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை அவர் வாங்கினார். டிஆர்-808 என்பது தாளப் பொறி. டிபி-303 என்பது கீழ்ச்சுருதிப் பொறி. ஜூப்பிட்டர்-8 என்பது ஒரே வேளையில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்ல விசைப்பலகை. இவற்றுள் டிபி-303, தனித்துப் பயிலும் கித்தார்க் கலைஞருக்குத் துணையாக, கீழ்ச்சுருதி வாசிப்பவர் இல்லாத குறையை நீக்கவென்றே செய்யப்பட்டது. எவருடைய இடத்தைப் பிடிக்கப் பொறி பிறந்ததோ, அவரே அதனை விலைகொடுத்து வாங்கித் தம் வீட்டிற்குக் கொண்டுவந்தார்!

வீட்டில் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பழகினார். ஒரு கருவியே காலக் கணக்கின் தலைமையை ஏற்கும். அது ஒரு தாள அடிக்கு 24 துடிப்புகளை இணைப்புக் கம்பி வழியே அனுப்ப, மற்றது அத்துடிப்புகளை எண்ணிப் பின்தொடரும். தாளத்தையும் கீழ்ச்சுருதியையும் பொறிகள் சுமந்துகொண்டதால் கலைஞரின் கைகள் விடுதலை பெற்றன. அக்கைகள் இராகத்தை நாடின. யமன், பூபாளி, மால்கௌன்ஸ் முதலிய பத்து இந்துஸ்தானி இராகங்கள் ஓர் இசைத்தட்டில் ஏறின. தமிழிசை மேடையில் கல்யாணி, மோகனம், இந்தோளம் என வழங்கும் இராகங்களுக்கு இணையானவை இவை மூன்றும்.

அத்தட்டு அன்று விலைபோகவில்லை. கருவிகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. 808இன் உற்பத்தி 1983லும், 303இன் உற்பத்தி 1984லும் நின்றன. பின்னர் மலிந்த விலைக்குக் கிடைத்த அதே 303ஐக் கொண்டு, அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர்கள் 1987இல் வெளியிட்ட இசை உலகெங்கும் பரவிற்று. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மீண்டும் வெளிவந்தபோது, ஐந்தாண்டு முன்னரே அவர் அவ்வொலியைத் தொட்டிருந்தமை கண்டு இசையுலகு வியந்தது. முதுமையில் அவர் அயல்நாட்டு மேடைகளில் ஏறி அவ்விராகங்களை நேரில் வாசித்தார். 2015இல் மறைந்தார்.

இன்று கண்டியில் ஒருவர் தம் வீட்டு மேசைமீது இத்தகைய இசையரங்கை அமைப்பது அரிதன்று. 1983இல் வெளிவந்த மிடி என்னும் பொது இணைப்பு முறையால், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் ஒரே காலக் கணக்கில் இயங்குகின்றன. அங்கும் தலைமை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டு கருவிகள் தத்தம் காலத்தில் ஓடினால் தாளம் மெல்ல மெல்லப் பிரிந்துவிடும். கருவிகளின் ஒலிகளை அளவறிந்து கூட்ட ஓர் ஒலிக்கலவைக் கருவி வேண்டும். ஒலிக் கம்பிகளை மின்கம்பிகளினின்று விலக்கி வைத்தல் நலம். இல்லையேல், நொடிக்கு 50 முறை அலையும் இலங்கை மின்னோட்டம் பாட்டினூடே முரலத் தொடங்கும்.

தவுலின் ஓரடியைப் பதிந்து பொறியில் அடுக்கிவிடுதலும் எளிதே. அதனை அப்படியே ஓடவிட்டு எழுந்து சென்றால், அது கோயிலின் மின்முரசு போன்றதே ஆகும். அருகிருந்து, எந்த அடியை நிறுத்துவது, எந்தச் சுரத்தை நீட்டுவது என்று நொடிதோறும் தெரிந்து வாசித்தால் அது கச்சேரி. பம்பாய்க் கலைஞர் தம் வீட்டில் பழகியது இதனையே. தலதா மாளிகை வாயிலில் தவுலைத் தொடும் கை நாள்தோறும் மூன்று வேளை செய்துவருவதும் இதுவேயன்றோ!