கடலில் கற்ற பாஷை

அந்நிய தேசத்தில் உத்தியோகம் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். பாஷையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது: சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருவது; பாஷையோ நிமிஷத்துக்கு நிமிஷம் வந்து கழுத்தைப் பிடிப்பது.

ஜோசப் கான்ராடின் நாவல்களைப் படித்துவிட்டு, எழுதியவர் பரம்பரை இங்கிலீஷ்காரர் என்று நம்பியிருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர் போலந்துக்காரர். 1857-ல், அப்போது ருஷ்ய சாம்ராஜ்யத்தில் அடங்கியிருந்த பெர்டிச்சேவ் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் கவிஞர், ஷேக்ஸ்பியரைப் போலிஷில் மொழிபெயர்த்தவர். நாட்டு விடுதலைக்குப் பாடுபட்ட குற்றத்துக்காக ஜார் அரசாங்கம் அவரைக் குடும்பத்தோடு நாடு கடத்தியது. பதினொரு வயதுக்குள் பையனுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தாய்மாமன்தான் ஆதரவு. 1874-ல் கப்பலேறும் ஆசையில் அவன் மார்ஸேல்ஸுக்குப் புறப்பட்டபோது வயது பதினாறு.

பிரெஞ்சு அவனுக்கு நன்றாக வரும். பிரெஞ்சுக் கப்பலிலேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் ருஷ்யப் பிரஜை. பட்டாளச் சேவைக் கடன் பாக்கி. அதனால் அங்கே நீடிக்க முடியவில்லை. ஆங்கிலக் கப்பல்களில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. ஆக, பின்னால் உலகமே வியந்த அந்த இங்கிலீஷ், காதலால் வந்ததல்ல. காகிதத் தொல்லையால் வந்தது!

1878 ஜூனில் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கினான். இங்கிலீஷில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வார்த்தைகள் தெரியும். லோஸ்டாஃப்டுக்கும் நியூகாஸிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றி ஓடிய ஒரு சிறு கப்பல்தான் பள்ளிக்கூடம். கிழக்குக் கரை மாலுமிகள்தான் வாத்தியார்கள். ரென் அண்டு மார்ட்டினோடு மல்லுக்கட்டிய நமக்கு அந்தப் படிப்பு எளிதாகத் தோன்றலாம். எளிதல்ல. நாம் வார்த்தையை மறந்தால் மார்க்கு குறையும். அவன் கயிற்றின் பெயரைத் தப்பாகக் கேட்டு வேறு கயிற்றை அவிழ்த்தால், மேலே நிற்பவன் கீழே வரவேண்டியதுதான்.

இரண்டே வருஷத்தில், 1880-ல், இரண்டாவது மேட் உத்தியோகத்துக்கான பரீட்சையில் தேறிவிட்டான். சர்க்கார் பரீட்சை, கேள்வியும் பதிலும் இங்கிலீஷில். இனி 'அவன்' என்பது மரியாதையில்லை, அதிகாரியாகிவிட்டார்.

ஆனால் பரீட்சை இங்கிலீஷ் வேறு, மனிதர்களுக்கிடையே நடமாடும் இங்கிலீஷ் வேறு. அதை அவர் கற்றுக்கொண்ட இடம் நம் சென்னைப்பட்டினம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பல் சென்னைக்கு வந்தது. கான்ராட் அதில் இரண்டாவது மேட். காப்டனுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரை அழைத்துவரக் கரைக்கு அனுப்பினார்கள். என்ன கோளாறு என்று டாக்டர் விசாரித்தபோது, காப்டன் குடித்திருக்கிறார் என்ற அர்த்தம் தொனிக்கும்படி இவர் சொல்லிவிட்டார். அது காப்டன் காதுக்கு எட்டியது. கான்ராட் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார், பிரயோசனமில்லை. வேலை போயிற்று. விடுவிப்புச் சீட்டில் திறமைக்கு நல்ல வார்த்தை எழுதிய காப்டன், நடத்தையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மறுத்துவிட்டார். கடல் உத்தியோகத்தில் அது கறுப்புப் புள்ளி.

அவர் சொன்னது நிஜமா, பொய்யா என்பதல்ல எனக்கு முக்கியம். மேலதிகாரியைப் பற்றி அந்நியரிடம் பேசும்போது பாதியை மென்று விழுங்கத் தெரியவேண்டும். தாய்ப்பால் குடித்த பாஷையில் அது தானாக வரும். "கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறார்" என்று நம் குமாஸ்தா எவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பார்! இரவல் பாஷைக்காரரிடம் இருப்பது நேர்வார்த்தை ஒன்றுதான். அதை எடுத்து நீட்டிவிடுகிறார்.

'ரிவர்ஸ்டேல்' பிற்பாடு மசூலிப்பட்டினத்தருகே தரைதட்டியது. காப்டனுக்கும் சோதனைக் காலம் வந்தது. கான்ராட் பம்பாய்க்குப் போய் 'நார்ஸிஸஸ்' கப்பலில் இடம் பிடித்தார். 1897-ல் வெளிவந்த அவருடைய நாவலின் தலைப்பில் அந்தக் கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. சென்னையில் வேலை போகாவிட்டால் அந்தக் கப்பலும் இல்லை.

முதல் மேட் பரீட்சையில் ஒருமுறை தவறினார். காப்டன் பரீட்சையிலும் ஒருமுறை தவறினார். விடவில்லை. 1886-ல் பிரிட்டிஷ் பிரஜையானார். அதே ஆண்டு நவம்பரில் காப்டன் சான்றிதழும் கிடைத்தது. 1895-ல் முதல் நாவல் வந்தது, இங்கிலீஷில்.

வந்தது வினை. 1899-ல் எலிஸா ஒர்ஸெஸ்கோவா என்ற புகழ்பெற்ற போலிஷ் நாவலாசிரியை, தாய்நாட்டை விட்டு அந்நிய பாஷையில் எழுதிச் சம்பாதிக்கிறார் என்று அவரைப் பத்திரிகையில் சாடினார். புத்தகங்கள் அதிகம் விற்காமல் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த சமயம் அது! அந்தச் சொல் அவர் மனசில் முள்ளாகத் தைத்தது. பதினைந்து வருஷம் கழித்துப் போலந்து சென்றபோதுகூட அந்த அம்மாளின் புத்தகம் என்றால் அவருக்கு ஆகவில்லை.

மறுபக்கம், இங்கிலாந்தில் அவர் வாய் திறந்தால் போதும், அந்நியர் என்று தெரிந்துவிடும். உச்சரிப்பு கடைசிவரை மாறவில்லை. 1924-ல் காலமானார். காண்டர்பரியில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் போலிஷ் பெயரையும் பொறித்திருக்கிறார்கள், எழுத்துப் பிழையோடு.