செத்த எலிகளும் வாடகைப் பணமும்: ஹார்லெம் 1963

கூரை ஒழுகுகிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று சொன்னால் நம் மக்களுக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "பிடிக்கலைன்னா காலி பண்ணு." காலி செய்துவிட்டு எங்கே போவது? சாதி கேட்காமல் வீடு தருகிற தெருக்கள் எத்தனை? நமக்குப் போக வேறு இடமில்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். இடிந்துகொண்டிருக்கும் வீட்டுக்கும் முழு வாடகை கேட்கும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கும் இதே நிலைதான். நிறவெறி மற்ற பகுதிகளின் கதவுகளை அடைத்திருந்தது. பழைய அடுக்குமாடிகளில் குளிர்காலத்தில் வெப்பம் கிடையாது, குழாய்கள் உடைந்து கிடந்தன, எலிகள் குழந்தைகளைக் கடித்தன. 1963 நவம்பரில் ஜெஸ்ஸி கிரே என்ற முன்னாள் கப்பல் தொழிலாளியின் தலைமையில் சில கட்டடங்களின் குடியிருப்போர் வாடகை தர மறுத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேரணி மேடையில் பேசி அப்போது மூன்று மாதமே ஆகியிருந்தது.

வீட்டுக்காரர்கள் வெளியேற்றக் கோரி நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 30 அன்று குடியிருப்போர் தங்கள் வீடுகளில் செத்த எலிகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டாம், நீதிமன்றத்தில் கட்டுங்கள் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். போராட்டம் மேலும் பல கட்டடங்களுக்குப் பரவியது.

இது ஏன் பெரிய வெற்றி? இங்கிலாந்திலிருந்து வந்த பழைய நிலச் சட்டத்தில் வாடகை ஒரு கடமை, பழுது பார்ப்பது வேறொரு விஷயம். விளைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்த விவசாயிக்காக உருவான விதி அது. மண்தான் முக்கியம், குடிசையை அவரே சரி செய்துகொள்வார் என்பது அதன் கணக்கு. நகரத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் வாழ்பவருக்கும் அதையே பொருத்தினார்கள். கூரை விழுந்தாலும் வாடகை பாக்கி பாக்கிதான்.

வாஷிங்டனில் எட்வர்ட்ஸ் என்ற பெண் தன் வீட்டின் குறைகளை அதிகாரிகளிடம் புகார் செய்தார். வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொன்னார். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கி வெளியேற்ற முடியாது என்று 1968இல் நீதிமன்றம் சொன்னது. 1970இல் ஜாவின்ஸ் வழக்கில் அதே நகரத்தின் குடியிருப்போர் சுமார் 1,500 விதிமீறல்களைக் காட்ட முன்வந்தார்கள். வீடு வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, வாடகைக் கடமை அதைச் சார்ந்தது என்று நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பு எழுதினார். நியூயார்க் மாநிலம் 1975இல் இதையே சட்டமாக்கியது.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. ஹார்லெம் போராட்டம் 1964இலேயே தளர்ந்தது. எலி ஒழிப்புக்கு நிதி கேட்ட மசோதா 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, உறுப்பினர்கள் கேலி பேசிச் சிரித்துத் தோற்கடித்தார்கள். நம் வலியைக் கேட்டுச் சிரிக்கும் அவைகள் நமக்கும் புதிதல்ல.

இங்கே நம் கையில் என்ன இருக்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108: வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்பு கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமும் கழிக்கும் உரிமையைத் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. தண்ணீர், மின்சாரத்தை வீட்டுக்காரர் துண்டித்தால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். ஆனால் வாடகையை அப்படியே நிறுத்திவிட்டால், பாக்கியைக் காட்டியே நம்மை வெளியேற்றிவிடுவார்கள். அந்தச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. நம் மக்களில் பெரும்பாலோர் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள். உரிமை ஏட்டில் இருக்கிறது, ஏட்டில் நம் பெயர் இல்லை.

ஆகவே தோழர்களே, களப்பணிக்குப் போகும்போது முதலில் ஒப்பந்தம் கேளுங்கள், வாடகை ரசீது கேளுங்கள். விரிசலைத் தேதியுடன் படம் எடுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள், வளாகம் முழுவதும் கையெழுத்துப் போடட்டும். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் உருவானபோது அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது: செத்த எலியையும் சாட்சியாக்கிய அந்தக் கூட்டு முயற்சி.