எண் சொல்லும் சாட்சி



விடியற்காலைப் பெரட்டில் ஆள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தோட்டத்து வழக்கம். ஒரே அச்சில் செய்யப்படும் இயந்திரங்களுக்குத் தனிப்பெயர் ஏது? தொழிற்சாலையில் பொறிக்கும் வரிசை எண்தான் அவற்றுக்குப் பெயர். அந்த எண் எவ்வளவு பேசும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனி மாதந்தோறும் எத்தனை டாங்கிகளைச் செய்கிறது என்று அறிய நேச நாடுகள் பெரிதும் முயன்றன. 1942 ஆகஸ்டு மாதத்திற்கு 1,550 என்றது உளவுத் துறை. லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளியல் அறிஞர்களோ, பிடிபட்ட டாங்கிகளின் எண்களைத் திரட்டினர். கியர்ப் பெட்டிகளில் இருந்த எண்கள் இடைவிடாத வரிசையில் ஏறிச் சென்றமையால் பெரிதும் உதவின.

அக்கணக்கின் எளிய வடிவத்தைச் சொல்கிறேன். ஐந்து எண்கள் கிடைத்து, அவற்றுள் மிகப் பெரியது 50 என்று கொள்வோம். 50ஐ ஐந்தால் வகுத்தால் 10. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 59. ஆக, செய்யப்பட்டவை ஏறக்குறைய 59. கிடைத்த எண்களுக்கு இடையே சராசரியாக உள்ள இடைவெளி, கடைசி எண்ணுக்கு மேலேயும் இருக்கும் என்பதே அடிப்படை.

அறிஞர்கள் கண்ட விடை 327. போருக்குப் பின் ஜெர்மானியரின் ஏடுகளைப் புரட்டியபோது உண்மைத் தொகை 342!

இன்று கணினிகளுக்கும் வரிசை எண் உண்டு. உறையின் அடியில் ஒட்டப்படும் அவ்வெண், உள்ளே தாய்ப்பலகையிலுள்ள சில்லிலும் பதியப்படுகிறது. அலுவலகங்களில் இருப்புக் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் அந்த உள் எண்ணை வாசித்துப் பட்டியலிடும். ஒட்டுத்தாள் உரிந்தாலும் உள் எண் நிற்கும். தாய்ப்பலகையை மாற்றியவர் எண்ணை மீண்டும் பதியாவிட்டால் மட்டும் இரண்டும் ஒத்துவரா. கடையில் பொருத்திய கணினிகள் சிலவற்றில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கிய அன்றே அதன் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள். களவு போனால், போலீஸ் நிலையத்தில் கறுப்புக் கணினி என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. அதுபோல் ஆயிரம் இருக்கும். எண்ணைச் சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான். வியர்வை சிந்தி வாங்கிய பொருள் நம்முடையது என்று நிலைநாட்ட அந்த எண்ணே சாட்சி.